மேல்வீட்டு எண்ணெய், கீழ்வீட்டு வெள்ளம்

சிங்க் அடைத்துக்கொண்டால் கை முதலில் தேடுவது ஆசிட் பாட்டிலை. கண், நுரையீரல், குழாய் என்று தொடங்கி, சாக்கடைக்குள் இறங்கும் ஒருவரின் உயிர்வரை போகிற கதை இது.

தீபாவளி அன்று விடிகாலை ஐந்தே முக்கால். எங்கள் குடியிருப்பின் தரைத்தளத்து டீச்சரம்மா குளியலறை விளக்கைப் போட்டபோது தரையில் கணுக்கால் அளவு தண்ணீர். சீயக்காய் நுரை, அதன்மேல் எண்ணெய்ப் படலம், படலத்தின்மேல் மிதந்துகொண்டு ஒரு முறுக்குத் துண்டு. அவர் வீட்டில் அந்த வருடம் முறுக்கே சுடவில்லை. கணவர் போய் ஓராண்டு ஆகாததால் பண்டிகை கிடையாது. மேலே பதினொரு வீடுகள் கொண்டாடிய தீபாவளி, கொண்டாடாத ஒரு வீட்டின் குளியலறையில் வந்து நின்றது.

"யாரும் குழாயைத் திறக்காதீங்க!" என்று மாடிப்படிக்குக் கீழே நின்று அவர் கூப்பிட்டது சரவெடிச் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை. இரண்டாவது மாடியில் நான் தலைக்கு ஊற்றிக்கொண்டிருந்தேன். முந்தின இரவு முறுக்கும் அதிரசமும் சுட்டு மிஞ்சிய அரை லிட்டர் எண்ணெயை, கொதிநீரோடு சேர்த்து சிங்க்கில் விட்டதும் எங்கள் வீடுதான். மற்றவர்களும் விட்டிருப்பார்கள். ஆனால் கண்ணால் பார்த்தது எங்கள் வீட்டை மட்டும் என்பதால், பழியை இங்கேயே இறக்கி வைக்கிறேன்.

அடுத்த கால்மணி நேரத்தில் கீழே கூட்டம் கூடிவிட்டது. மூன்றாவது மாடிப் பையன் ஆசிட் பாட்டிலோடு இறங்கி வந்தான். மூடியைத் திறந்துவிட்டான். அந்த நேரம் பார்த்து எங்கள் குடியிருப்புச் சங்கச் செயலாளர், "ராத்திரியே ரெண்டு பாக்கெட் பவுடர் போட்டேனே, கேக்கலியே" என்றார். நான் பிளம்பருக்குப் போன் போட்டிருந்தேன். ஸ்பீக்கரில் அது கேட்டிருக்க வேண்டும். "சார், சார், அந்தத் தம்பிய நிறுத்தச் சொல்லுங்க. பவுடர் போட்ட எடத்துல ஆசிட் ஊத்தினா மூஞ்சிலதான் அடிக்கும்" என்று மறுமுனையில் கத்தினார். பையன் பாட்டிலை அப்படியே தரையில் வைத்தான்.

ஒன்பது மணிக்கு பிளம்பர் வந்தார். காலரில் மஞ்சள் தடவிய புதுச்சட்டை. அதைக் கழற்றி கேட் கம்பியில் மாட்டிவிட்டு, முழங்கைவரை ஏறும் ரப்பர் கையுறையையும் கண்ணாடியையும் மாட்டிக்கொண்டார். எல்லோரிடமும் ஒரே கேள்விதான் கேட்டார்: "வேற யாராவது, வேற என்னமாவது ஊத்தினீங்களா? மறைக்காம சொல்லிடுங்க." இடது மணிக்கட்டில் எலுமிச்சை அளவு ஒரு வெள்ளைத் தழும்பு. "இது ஆசிட் பண்ணதில்லீங்க. ஊத்தினவங்க சொல்லாம விட்டது."

குழாய்க்குள் நடப்பது

குளியலறைப் பக்கம் அவர் முதலில் கையே வைக்கவில்லை. வெளியே இருந்த சேம்பர் மூடியைக் கடப்பாரையால் நெம்பி, அங்கிருந்து பின்னோக்கி ஸ்பிரிங்கை விட்டுத் திருகினார். கொடகொடவென்று தண்ணீர் இறங்கியதும் கூடவே வந்தது ஒரு பொருட்காட்சி. பழைய மெழுகுவர்த்தியை மிதித்துப் பிசைந்த மாதிரி வெள்ளைக் கட்டிகள். சடைசடையாக முடி. தேங்காய் நார், கம்பி ஸ்கிரப்பரின் பிசிறு, இரண்டு ஷாம்பூ சாஷே, ஊறுகாய் பாட்டிலோடு இலவசமாக வரும் குட்டி பிளாஸ்டிக் ஸ்பூன். ஒவ்வொன்றையும் அவர் ஓரமாக எடுத்துப் போடப் போட, சுற்றி நின்றவர்கள் அடுத்த வீட்டுக்காரரைப் பார்த்தார்கள்.

அந்த வெள்ளைக் கட்டி என்ன? பலரும் நினைப்பதுபோல வெறும் உறைந்த எண்ணெய் அல்ல. பாமாயிலும் வனஸ்பதியும் நெய்யும் உறையும், சரி. நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் நம் ஊர் வெயிலில் உறைவதில்லையே? குழாய்க்குள் கிடக்கக் கிடக்க எண்ணெய் சிதைந்து கொழுப்பு அமிலமாகிறது. அது போர்த் தண்ணீரில் இருக்கும் கால்சியத்தோடு சேர்ந்தால், நீரில் கரையாத ஒருவகைச் சோப்பாக இறுகிவிடும். உப்புத் தண்ணீரில் குளித்தால் சோப்பு நுரைக்காமல் பக்கெட் ஓரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அதே குடும்பம்தான். அதன்மேல் மாவரைத்த கிரைண்டர் கழுவிய தண்ணீர், சோற்றுக் கஞ்சி, காபித்தூள் சக்கை எல்லாம் ஒட்டிக்கொள்ளும். முடி வந்து வலை பின்னும். ஒரே நாளில் எந்தக் குழாயும் அடைப்பதில்லை. மாதக்கணக்கில் நான்கு அங்குலம் மூன்றாகி, மூன்று ஒன்றாகி, தீபாவளி அன்று பதினொரு வீடும் ஒரே நேரத்தில் எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போது கணக்குத் தீர்கிறது.

கொதிநீரோடு எண்ணெயை விட்டால் கரைந்து போய்விடும் என்பது எங்கள் வீட்டு நம்பிக்கையாக இருந்தது. இளகி ஓடுவது உண்மை. எங்கள் சிங்க்கிலிருந்து பத்தடி தள்ளிப் போய், தண்ணீர் ஆறியதும் அங்கே ஒட்டிக்கொள்ளும். அதாவது, அடைப்பை நாங்கள் நீக்கவில்லை. கீழ்வீட்டுக்கு அனுப்பி வைத்தோம்.

இது நம் ஊரின் தனிப் பெருமையும் இல்லை. லண்டனில் வொயிட்சேப்பல் பகுதிச் சாக்கடையில் 2017-ல் கண்டுபிடித்த கொழுப்புக் கட்டியின் நீளம் 250 மீட்டர், எடை 130 டன். ஈரத் துடைப்பான்களும் சமையல் கொழுப்பும் சேர்ந்து பாறையாகியிருந்தது. அதில் ஒரு துண்டை வெட்டியெடுத்து, அடுத்த ஆண்டு லண்டன் அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள்.

சிங்க்குக்குக் கீழே வளைந்திருக்கும் குழாய், குளியலறைத் தரையில் இருக்கும் நாணி ட்ராப் இரண்டும் செய்வது ஒரே வேலை. வளைவில் சுமார் 5 சென்டிமீட்டர் தண்ணீரை எப்போதும் தேக்கி வைத்து, சாக்கடைக் காற்று வீட்டுக்குள் ஏறாமல் தடுக்கும். 1775-ல் இப்படியொரு வளைவுக்குக் காப்புரிமை வாங்கிய அலெக்சாண்டர் கம்மிங் ஒரு கடிகாரம் செய்பவர். 'குளியலறை நாறுகிறது' என்று பினாயில் ஊற்றும் வீடுகள் பலவற்றில் அடைப்பே இருக்காது. விருந்தாளி வந்தால் மட்டும் திறக்கும் குளியலறையின் ட்ராப் காய்ந்து போயிருக்கும். ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினால் நாற்றமும் கரப்பானும் நின்றுவிடும்.

பாட்டில் வேதியியல்

நம் வீடுகளின் பாத்ரூம் அலமாரியைத் திறந்தால் மூன்று வகை நிற்கும். ஒன்று ஆசிட். கழிவறை கழுவும் திரவங்கள் பலவற்றிலும், தெருவில் கூவி விற்கும் பாட்டிலிலும் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். இரண்டாவது, அடைப்பு நீக்கும் பவுடர். பெரும்பாலும் காஸ்டிக் சோடா. மூன்றாவது பிளீச்சிங் பவுடரோ பிளீச் திரவமோ. தனித்தனியே மூன்றும் ஆபத்து. சேர்ந்தால் பேராபத்து.

ஆசிட் எதைக் கரைக்கும்? உப்புக் கறை, சிமெண்ட், மார்பிள், மொசைக், குரோம் பூச்சு. எதைக் கரைக்காது? எண்ணெயையும் முடியையும். நம் அடைப்பில் முக்கால்வாசி எண்ணெயும் முடியும்தான் என்னும்போது, அதைக் கரைக்காத ஒன்றை ஊற்றிவிட்டு டைல்ஸ் இடுக்கில் இருக்கும் சிமெண்டை அரித்துக்கொண்டிருக்கிறோம். இடுக்கு அரித்தால் தண்ணீர் கசிந்து கீழ்வீட்டுக் கூரையில் பூசணம் பூக்கும். அது அடுத்த சண்டை.

காஸ்டிக் சோடா வேலை செய்யும், மறுக்கவில்லை. எண்ணெயைச் சோப்பாக்கும், முடியைக் கூழாக்கும். ஆனால் தண்ணீரோடு சேரும்போது கொதிக்கிற அளவுக்குச் சூடேறும். நம் வீட்டு வெள்ளை பிவிசி குழாய் 80 டிகிரி வாக்கில் இளகத் தொடங்கிவிடும். முழுசாக அடைத்த குழாயில் இந்தப் பவுடரைப் போட்டால் தண்ணீர் ஓடாமல் அதே இடத்தில் தேங்கி, கடைசியில் கல்லாக இறுகிக்கொள்ளும். எங்கள் செயலாளர் போட்ட இரண்டு பாக்கெட்டில் ஒரு பங்கு அப்படித்தான் நாணி ட்ராப்பின் அடியில் உட்கார்ந்திருந்தது. அதை உடைத்தெடுக்க பிளம்பருக்கு அடைப்பை எடுத்ததைவிட அதிக நேரம் பிடித்தது.

இதன்மேல் ஆசிட் விழுந்திருந்தால்? அமிலமும் காரமும் ஒன்றையொன்று தணித்துக்கொள்ளும்போது கிளம்பும் சூட்டில் கலவை பொங்கி மேலே தெறிக்கும். ட்ராப்பின் மேல் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றவர்கள் நாங்கள் ஐந்து பேர்.

ஆசிட்டும் பிளீச்சும் சேர்ந்தால் தெறிக்காது. அதனால்தான் அது இன்னும் மோசம். அமைதியாகக் குளோரின் வாயு எழும். 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்பர் போர்முனையில் ஜெர்மன் படை பிரெஞ்சுப் பதுங்குகுழிகளை நோக்கித் திறந்துவிட்டது இதே வாயுவைத்தான். நான்கடிக்கு ஐந்தடிக் கழிவறை, சாத்திய கதவு, ஓடாத எக்ஸாஸ்ட் ஃபேன், 'இன்னிக்கு நல்லாத் தேய்ச்சுடலாம்' என்று இரண்டையும் ஒன்றாக ஊற்றும் ஒருவர். கண் எரிந்து, தொண்டை அடைத்து, மூச்சு இழுக்க ஆரம்பித்த பிறகுதான் தெரியும். பாத்ரூம் கழுவ வரும் அம்மாவிடம் இரண்டு பாட்டிலையும் கையில் கொடுத்து அனுப்புகிற வீட்டுக்காரர்கள், அதில் எழுதியிருப்பதை ஒருமுறை வாசித்துச் சொல்லியிருப்பார்களா?

ஆசிட் விற்பனைக்கு 2013-ல் உச்ச நீதிமன்றம் கட்டுப்பாடு போட்டது: வாங்குபவர் அடையாள அட்டை காட்ட வேண்டும், 18 வயதுக்குக் கீழே உள்ளவருக்கு விற்கக் கூடாது. ஆசிட் வீச்சைத் தடுக்க வந்த உத்தரவு அது. எங்கள் தெருவில் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி விற்பவரிடம் இதுவரை யாரும் அட்டை காட்டி நான் பார்த்ததில்லை. அந்தத் தண்ணீர் பாட்டில்தான் எனக்கு அதிகம் பயம். பார்க்க மினரல் வாட்டர் மாதிரியே இருக்கும். தாகத்தோடு ஓடி வரும் குழந்தைக்கு வித்தியாசம் தெரியாது.

■ பட்டுவிட்டால் உடனே

தோலில் பட்டால்: நனைந்த துணியைக் கழற்றிவிட்டு, ஓடும் தண்ணீரில் குறைந்தது 20 நிமிடம் காட்டுங்கள். பவுடராக ஒட்டியிருந்தால் முதலில் தட்டிவிட்டுப் பிறகு கழுவுங்கள். 'ஆசிட்டுக்கு மாற்று சோடா' என்று எதையும் தடவ வேண்டாம். அது கிளப்பும் சூடு புண்ணைப் பெரிதாக்கும்.

கண்ணில் பட்டால்: இமையை விரித்துப் பிடித்து, விடாமல் தண்ணீர் விடுங்கள். 20 நிமிடம் கழித்து நேராக மருத்துவமனை. ஆசிட்டைவிடக் காஸ்டிக் சோடா கண்ணுக்குக் கொடியது. திசுவைக் கரைத்துக்கொண்டே உள்ளே போகும்.

விழுங்கிவிட்டால்: வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உள்ளே போகும்போது சுட்டது, வெளியே வரும்போது இன்னொரு முறை சுடும். வாயை மட்டும் கழுவிவிட்டு 108-ஐ அழையுங்கள். பாட்டிலையும் கூட எடுத்துப் போங்கள். என்ன விழுங்கினார் என்பது டாக்டருக்குத் தெரிய வேண்டும்.

புகை ஏறினால்: பாட்டிலை அப்புறப்படுத்தவோ கழுவிவிடவோ நிற்காமல் முதலில் வெளியே வாருங்கள்.

முதல் கேள்வி: எங்கே அடைத்திருக்கிறது?

ஒரு சிங்க் மட்டும் தேங்குகிறதா? அடைப்பு உங்கள் கைக்கெட்டும் தூரத்தில், பெரும்பாலும் அதன் பாட்டில் ட்ராப்பிலேயே இருக்கும். சிங்க், குளியலறை, கழிவறை எல்லாமே மெதுவாகப் போகிறதா? பொதுக் குழாயிலோ சேம்பரிலோ இருக்கிறது. நீங்கள் எதை ஊற்றினாலும் அங்கே போய்ச் சேராது. கழிவறையில் தண்ணீர் விட்டால் குளியலறை ட்ராப்பில் 'களக் களக்' என்று சத்தம் வருகிறதா? அது முன்னெச்சரிக்கை. குழாயில் காற்று போக வழியில்லை. மொட்டை மாடியில் நீட்டிக்கொண்டிருக்கும் காற்றுக் குழாயை, மாடியில் அறை எழுப்பியபோது யாராவது சிமெண்ட் வைத்து மூடியிருக்கலாம். போய்ப் பாருங்கள்.

ஒற்றை அடைப்பை எடுக்க இரண்டு பொருள் போதும்: ரப்பர் பம்ப், ஒரு பக்கெட். பம்ப்பை எல்லோரும் அழுத்துகிறார்கள். அதன் சூட்சுமம் இழுப்பதில் இருக்கிறது. கிண்ணம் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் வேண்டும், இல்லாவிட்டால் வெறும் காற்றைத்தான் தள்ளிக்கொண்டிருப்போம். வாஷ்பேசினில் மேல்பக்கம் வழிந்தோடும் ஓட்டை ஒன்று இருக்கும். அதை ஈரத் துணியால் அடைக்க வேண்டும். இரட்டை சிங்க் என்றால் மற்ற ஓட்டையையும். பிறகு பதினைந்து இருபது முறை, மேலும் கீழும், விடாமல். ஏற்கெனவே ஆசிட்டோ பவுடரோ போட்ட இடத்தில் மட்டும் பம்ப் கூடவே கூடாது. அது முகத்துக்கு வரும்.

அப்படியும் போகவில்லையா? சிங்க்குக்குக் கீழே பக்கெட்டை வைத்து, பாட்டில் ட்ராப்பின் அடிக்கிண்ணத்தைக் கையாலேயே திருகிக் கழற்றலாம். பிளாஸ்டிக் ட்ராப்புக்கு ஸ்பேனர் தேவைப்படாது. உள்ளே இருப்பதைப் பார்த்ததும் ஒரு வாரத்துக்குச் சாம்பார் இறங்காது என்பதைத் தவிர வேறு சிரமமில்லை. கழுவி மாட்டும்போது வாஷர் சரியாக உட்கார்ந்ததா என்று மட்டும் பாருங்கள். இதே வேலைக்கு நான் பல வருடம் ஆள் கூப்பிட்டுக் காசு கொடுத்திருக்கிறேன்.

குளியலறை முடிக்கு இன்னும் எளிய வழி. மின்கம்பிகளைச் சேர்த்துக் கட்டும் நீளமான பிளாஸ்டிக் டேக்கின் இரு ஓரத்திலும் கத்தரியால் சாய்வாகக் கீறினால் மீன்முள் மாதிரி கொக்கி வரும். ஜாலியைத் தூக்கிவிட்டு, இதை உள்ளே விட்டுச் சுழற்றி இழுத்தால் முடி கொத்தாக வரும். வந்ததைக் குப்பையில் போடுங்கள். கழிவறையில் போட்டுத் தண்ணீர் விட்டீர்கள் என்றால் கதை முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

இதைத் தாண்டினால் பிளம்பரும் ஸ்பிரிங்கும்தான். அவர் வந்ததும் என்ன ஊற்றினீர்கள் என்று அவர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

■ ஆப்ப சோடாவும் வினிகரும்

செல்போன் வீடியோக்களில் இது தெய்வ மருந்து. ஓட்டையில் சோடாவைக் கொட்டி வினிகரை ஊற்றியதும் நுரை பொங்கும், பார்ப்பவர் மனம் நிறையும். பொங்குவது கரியமில வாயு. பொங்கி முடித்ததும் மிஞ்சுவது ஏறக்குறைய உப்புத் தண்ணீர். எண்ணெய்க் கட்டியை அது அசைக்காது. உடம்புக்கோ குழாய்க்கோ கெடுதல் இல்லை, நாற்றமும் கொஞ்சம் குறையும். அதற்குமேல் எதிர்பார்க்க வேண்டாம். லேசாகப் பிசுபிசுக்கும் சிங்க்குக்கு, பாத்திரம் கழுவும் திரவம் நான்கு சொட்டும் கை பொறுக்கும் சூட்டில் ஒரு பக்கெட் வெந்நீரும் இதைவிட நன்றாக வேலை செய்யும். கொதிநீர் வேண்டாம், குழாய் பிவிசி.

சேம்பருக்குள் இறங்குபவர்

பன்னிரண்டு வீட்டுக் குழாயும் சேரும் சேம்பர் எங்கள் கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் அது அடைத்தபோது, 'ஆள் இறங்கி வாரினாத்தான் சுத்தமாகும்' என்று ஒருவரைக் கூட்டி வந்தார்கள். கையில் ஒரு மூங்கில் பிளாச்சு, இடுப்பில் துண்டு. ஐந்நூறு ரூபாயும் ஒரு குவார்ட்டரும் கேட்டார். குவார்ட்டர் எதற்கு என்று அன்று நான் முகம் சுளித்தேன். அந்த நாற்றத்தில் போதையில்லாமல் இறங்க முடியாது என்பது பிறகுதான் உறைத்தது. அவர் இறங்கினார், ஏறினார், ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாமல் போனது எங்கள் சாமர்த்தியத்தால் அல்ல.

தேங்கிய கழிவில் ஹைட்ரஜன் சல்ஃபைடு உருவாகும். அழுகிய முட்டை நாற்றம் என்று பள்ளியில் படித்தோமே, அது. குறைந்த அளவில்தான் நாறும். அளவு கூடினால் மூக்கின் நரம்பு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. 'வாடை இல்லை, இறங்கலாம்' என்று ஒருவர் சொல்லும் நேரம்தான் ஆகக் கொடிய நேரமாக இருக்கலாம். இன்னும் கூடினால் ஒன்றிரண்டு மூச்சிலேயே ஆள் சுருண்டுவிடுவார். கயிற்றில் விளக்குக் கட்டி இறக்கிப் பார்ப்பது, தீக்குச்சி கிழித்துப் போடுவது எல்லாம் சோதனையே அல்ல. மீத்தேன் இருந்தால் அதுவே வெடிக்கும். இன்னொன்று: மேலே வீட்டில் நாம் ஊற்றும் ஆசிட், சேம்பர்ச் சேற்றைத் தொட்டால் இதே வாயுவை மொத்தமாகக் கிளப்பிவிடும். ஊற்றியவர் இரண்டாவது மாடியில் இருப்பார். குழிக்குள் வேறொருவர் இருப்பார்.

செய்தித்தாளில் வரும் விஷவாயு மரணங்களைக் கவனியுங்கள். பெரும்பாலும் இரண்டு பேர், மூன்று பேர். முதலில் விழுந்தவரைத் தூக்கக் குதித்த தம்பியோ கூட்டாளியோ வீட்டுக்காரரோ. இப்படி இறந்தவர்கள் என்று 1993 முதல் கணக்கிட்டு நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட மாநிலவாரிப் பட்டியல்களில் தமிழ்நாடு முதலிடத்தில் நின்றிருக்கிறது. வேறு பல பட்டியல்களில் முதலிடம் என்றால் மேடை போட்டுச் சொல்லும் நாம், இதைச் சொல்வதில்லை. இறங்கி இறந்தவர்கள் எந்தச் சாதிகளைச் சேர்ந்தவர்கள் என்பதையும் சொல்வதில்லை. அதைக் கேமரா முன்னால் சொல்ல வைத்த திவ்யபாரதியின் 'கக்கூஸ்' ஆவணப்படம் 2017-ல் வந்தபோது, பொதுத் திரையிடல்களுக்குக் காவல்துறை தடை போட்டது.

ஆள் இறங்காமல் ஆகாதா? ஆகும். தண்ணீரை அழுத்தமாகப் பாய்ச்சும் ஜெட்ராடிங் வண்டி இருக்கிறது, சேற்றை உறிஞ்சும் லாரி இருக்கிறது. கேரள இளைஞர்கள் உருவாக்கிய 'பெண்டிகூட்' என்ற இயந்திரம் 2018-லிருந்து பாதாளச் சாக்கடைக்குள் கை நீட்டிச் சேறு அள்ளுகிறது. நம்மூரில் கும்பகோணத்துக்கும் கோவைக்கும் அது வந்தது. எங்கள் சேம்பருக்கு அதெல்லாம்கூட வேண்டியிருக்கவில்லை. ஒரு ஸ்பிரிங் போதும் என்பதை இந்தத் தீபாவளி பிளம்பர் காட்டினார். அன்று ஒருவரை உள்ளே இறக்கியிருக்கவே தேவையில்லை.

■ சட்டம் என்ன சொல்கிறது?

மனிதக் கழிவை மனிதரே அகற்றும் வேலைக்குத் தடை விதித்த 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7-வது பிரிவு, பாதுகாப்பு ஏற்பாடில்லாமல் சாக்கடையையோ செப்டிக் டேங்கையோ ஆள் வைத்துச் சுத்தம் செய்யக் கூடாது என்கிறது. ஒப்பந்ததாரருக்கும் மாநகராட்சிக்கும் மட்டுமல்ல, வேலைக்குக் கூப்பிட்ட வீட்டுக்காரருக்கும் குடியிருப்புச் சங்கத்துக்கும் இது பொருந்தும். முதல்முறை என்றால் 2 ஆண்டுவரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை 5 ஆண்டு, 5 லட்சம். ஜாமீனில் வர முடியாத குற்றம். இறந்தவர் குடும்பத்துக்கு இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக 2023 அக்டோபர் 20 அன்று உச்ச நீதிமன்றம் உயர்த்தியது.

சென்னையில் தெருச் சாக்கடை அடைப்புக்குக் குடிநீர் வாரியத்தின் எண் 1916. செப்டிக் டேங்க் சுத்தம் செய்ய 14420.

மழை நாளில் திரும்பி வருவது

பாதாளச் சாக்கடை இல்லாத புறநகரிலும் சிற்றூரிலும் செப்டிக் டேங்க்தான். அதை நிரம்பி வழியும்வரை யாரும் நினைப்பதில்லை. இரண்டு, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை லாரி வைத்து உறிஞ்சிவிட வேண்டும். டேங்குக்குள் கழிவைச் செரிப்பவை நுண்ணுயிர்கள். வாரம் தவறாமல் ஆசிட்டும் பிளீச்சும் ஊற்றினால் அவை செத்து, டேங்க் சீக்கிரம் நிரம்பும்.

சென்னைக்காரர்களுக்கு வேறு கவலை. மொட்டை மாடி மழைநீரைக் கொண்டுபோய்க் கழிவுநீர்ச் சேம்பரில் விட்டிருக்கும் வீடுகள் ஏராளம். கழிவுநீர்க் குழாய் மழையைத் தாங்கும் அளவில் போட்டதல்ல. ஐப்பசியில் ஒரு மணி நேரம் கொட்டினால் குழாய் நிரம்பி, தெருவில் தாழ்ந்த வீடு எதுவோ அந்த வீட்டுக் கழிவறை வழியாகத் திரும்பி வரும். 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் வாசலில் வந்த வெள்ளத்தைவிட, பாத்ரூமிலிருந்து வந்த வெள்ளத்துக்கு அழுதவர்களை எனக்குத் தெரியும். தாழ்வான வீடாக இருந்தால், தெருக் குழாயில் சேரும் இடத்துக்கு முன்னால் பின்னோட்டத்தைத் தடுக்கும் வால்வு ஒன்றைப் போட்டுக்கொள்வது நல்லது. மழைநீரைப் பிரித்து மழைநீர்க் குழிக்குத் திருப்புவது அதைவிட நல்லது. அந்தத் தண்ணீர் கிணற்றுக்காவது ஆகும்.

எண்ணெய் டின்

பாட்டி காலத்தில் பாத்திரம் தேய்க்கிற இடம் கொல்லைப்புறத்து வாழைமரத்தடி. தேய்த்தது சாம்பலும் தேங்காய் நாரும் புளியும். கழுவிய தண்ணீர் வாழைக்குப் போயிற்று, சோற்றுப் பருக்கை காக்கைக்குப் போயிற்று. அது பொற்காலம் என்று பாட வரவில்லை. அந்தக் கொல்லையில்தான் இன்னொருவர் கையால் மலம் அள்ளவும் வந்துகொண்டிருந்தார். ஆனால் அடுப்படியிலிருந்து எதை வெளியே விடுகிறோம் என்பது அன்று கண்ணுக்குத் தெரிந்தது. குழாய் வந்ததும் அது மறைந்தது.

எங்கள் குடியிருப்பில் இப்போது மாடிப்படிக்குக் கீழே ஒரு பழைய 15 லிட்டர் எண்ணெய் டின் இருக்கிறது. சுட்டு மிஞ்சிய எண்ணெயை ஆறவைத்து, வீட்டுக்கு வீடு அதில் ஊற்றுகிறோம். பயன்படுத்திய எண்ணெயைத் திரட்டி பயோடீசல் ஆக்கும் திட்டத்தை உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-லேயே தொடங்கியது. ஓட்டல்களுக்கான ஏற்பாடு என்றாலும், டின் நிரம்பினால் எங்கள் தெரு ஓட்டல்காரர் தன்னுடையதோடு சேர்த்து அனுப்பிவிடுகிறார். எண்ணெய்ச் சட்டியைக் கழுவுமுன் பழைய செய்தித்தாளால் ஒரு துடை. சிங்க் ஓட்டையில் எந்நேரமும் ஜாலி. இட்லி மாவுப் பாத்திரத்தைக் கழுவிய முதல் தண்ணீர் செடிக்கு. நாப்கினும் டயபரும் தாளில் சுற்றித் தனியாகக் குப்பை வண்டிக்கு. 2016 திடக்கழிவு விதி சொன்னதும் அதைத்தான். 'கழிவறையில் போடலாம்' என்று அச்சிட்டு விற்கும் ஈரத் துடைப்பானையும் போடாதீர்கள். அது குழாய்க்குள் கரைவதில்லை என்று வொயிட்சேப்பல் சாட்சி சொல்லும்.

அன்று பிளம்பர் கேட்ட கூலி 1,800 ரூபாய். பண்டிகை நாள், நியாயம்தான். டீச்சரம்மா பர்ஸை எடுத்தார். எட்டு வருடமாக ஒவ்வொரு அடைப்புக்கும் அவர்தான் கொடுத்து வந்திருக்கிறார் என்பது அப்போதுதான் எங்களில் பலருக்குத் தெரிய வந்தது. 'அவங்க வீட்டுப் பிரச்சினை' என்று செயலாளரின் நோட்டில் பதிவாகியிருந்தது. பன்னிரண்டாகப் பிரித்தோம். வீட்டுக்கு நூற்றைம்பது.

உங்கள் குடியிருப்பிலும் தரைத்தளத்தில் ஒருவர் இருப்பார். அடுத்த பண்டிகைக்கு ஒரு வாரம் முன்பு அவர் கதவைத் தட்டி, "உங்க பாத்ரூம்ல தண்ணி ஒழுங்காப் போகுதா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.